எம்பாப்பேவை 8 முறை மடக்கிய கோடு, பிறகு ஓட்டையானது ஏன்? பார்சிலோனாவின் ‘ஹை லைன்’ விளக்கம்

2025 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, இந்திய நேரப்படி அதிகாலை ஒன்றரை மணிக்குக் கண் விழித்து சாம்பியன்ஸ் லீக் பார்த்தவர்களுக்கு, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது போல இருந்திருக்கும். பெல்ஜியத்தின் கிளப் ப்ரூகே அணி பந்தைப் பறிக்கிறது. இரண்டு பாஸ், சில நேரம் ஒன்றே ஒன்று. பார்சிலோனாவின் தடுப்பாட்டக்காரர்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய காலி மைதானம். அதில் கார்லோஸ் ஃபோர்ப்ஸ் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார்.

முடிவு 3-3. ப்ரூகே மூன்று முறை முன்னிலை பெற்றது, பார்சா மூன்று முறையும் துரத்திப் பிடித்தது. கடைசி நிமிடங்களில் ப்ரூகே அடித்த இன்னொரு கோல், கோல்கீப்பர் மீதான ஃபவுலுக்காக வி.ஏ.ஆர் மூலம் ரத்தானது. அதுவும் நின்றிருந்தால் தோல்விதான்.

அந்த ஐந்து வாரங்களில் அது முதல் அடி இல்லை. அக்டோபர் 1-ல் பி.எஸ்.ஜி-யிடம் 1-2. நான்கே நாளில் செவியாவிடம் 1-4. அக்டோபர் 26-ல் ரியல் மாட்ரிட்டிடம் 1-2. ஒவ்வொன்றுக்குப் பிறகும் வரும் கேள்வி ஒன்றுதான்: “பயிற்சியாளர் ஹான்ஸி ஃபிளிக் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் என்ன?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டை இறக்குவது, டிவி சத்தத்தைக் குறைப்பது போல ஒரு பட்டனில் முடியும் வேலை இல்லை.

முதல்ல, இது எந்தக் கோடு?

கால்பந்தில் ஓர் அணியின் கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள், பெரும்பாலும் நான்கு பேர், பக்கவாட்டில் கயிறு கட்டியது போல ஒரே நேர்கோட்டில் நிற்க முயல்வார்கள். அந்தக் கற்பனைக் கோடுதான் ‘டிஃபென்சிவ் லைன்’. அது தன் கோல் போஸ்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். நடுக்கோட்டை ஒட்டி 40, 45 மீட்டர் மேலே ஏறி நின்றால் ‘ஹை லைன்’. பெனால்ட்டி பெட்டிக்குள்ளோ அதன் வாசலிலோ கூட்டமாகக் குவிந்து நின்றால் ‘லோ பிளாக்’. ஒரு காலத்தில் “பஸ்ஸை குறுக்கே நிறுத்திட்டாங்க” என்று கிண்டலடித்தது இந்த இரண்டாவதைத்தான்.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். பவுண்டரி லைனில் ஃபீல்டர்களைப் பரப்பினால் நாலு ரன் போகாது; ஆனால் ஒரு ரன், இரண்டு ரன் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரையும் உள்ளே கொண்டுவந்து பேட்ஸ்மேனைச் சுற்றி நிறுத்தினால் அவர் திணறுவார். ஆனால் தலைக்கு மேலே ஒன்று தூக்கினால் தடுக்க ஆளில்லை. கால்பந்தில் உள்ளே நிற்பவர்களுக்குக் கிரிக்கெட்டில் இல்லாத ஒரு துணை உண்டு. அது ஆஃப்சைடு விதி.

பந்து உதைக்கப்படும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதிக்குள் இருக்கும் தாக்குதல் ஆட்டக்காரர், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோலுக்கு அருகில் நின்றால் ஆஃப்சைடு. கடைசி ஆள் பொதுவாக கோல்கீப்பர் என்பதால், ‘கடைசிக்கு முந்தையவர்’ என்றால் பெரும்பாலும் தடுப்பு வரிசையில் மிகவும் பின்னால் நிற்பவர். கை கணக்கில் வராது. சமமாக நின்றால் தப்பில்லை. தன் பாதிக்குள்ளிருந்து ஓடத் தொடங்கினாலும் தப்பில்லை. ஹை லைன் நடுக்கோட்டுக்கு அருகில் வந்து நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். அதைத் தாண்டிப் போனால் ஆஃப்சைடு காப்பாற்றாது.

ஆக, தடுப்பு வரிசை எங்கே நிற்கிறதோ அங்கேதான் எதிரணி ஸ்ட்ரைக்கரும் நிற்க முடியும். கோடு ஏறினால் அவரும் கோலை விட்டு விலகி ஏறியாக வேண்டும்.

ஆளுக்கு 6 சென்ட், ஆளுக்கு 10 சென்ட்

சர்வதேச மைதானத்தின் வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோல்கீப்பரை விட்டால் பத்து பேர் அந்த இடத்தைக் காக்க வேண்டும்.

முன்வரிசை வீரர்கள் எதிரணியை அதன் கோலுக்கு அருகிலேயே நெருக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது தன் கோலிலிருந்து 80 மீட்டர் தொலைவில். தடுப்புக் கோடு 45 மீட்டரில் நிற்கிறது. இடைப்பட்ட பட்டை 35 மீட்டர். பத்து பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 238 சதுர மீட்டர், நம்ம ஊர் கணக்கில் கிட்டத்தட்ட 6 சென்ட். இப்போது பயந்துபோய் தடுப்புக் கோட்டை மட்டும் 20 மீட்டருக்கு இறக்கிவிட்டு, முன்வரிசை அதே இடத்தில் நெருக்கிக்கொண்டிருந்தால்? பட்டை 60 மீட்டராக நீள்கிறது. ஆளுக்கு 408 சதுர மீட்டர், 10 சென்ட். அவ்வளவு பெரிய மனையை ஓர் ஆள் ஓடி ஓடிக் காக்க முடியாது. நடுவில் எதிரணி மிட்ஃபீல்டர்கள் நிம்மதியாகத் திரும்பி, நிமிர்ந்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக் கொடுப்பார்கள்.

“கொஞ்சம் இறக்கினால் என்ன” என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான். இறக்கினால் எல்லோரையும் சேர்த்து இறக்க வேண்டும். முன்னால் பாதிப் பேர் நெருக்க, பின்னால் பாதிப் பேர் பதுங்கினால், மேலே நிற்பதன் லாபமும் இல்லை, கீழே நிற்பதன் பாதுகாப்பும் இல்லை. கால்பந்தில் மிக ஆபத்தான கோடு ரொம்ப மேலே இருப்பதோ ரொம்பக் கீழே இருப்பதோ அல்ல. அணியின் மற்ற பாதியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது.

லாபத்தைப் பார்த்தாயிற்று, இனி விலை. கோடு 45 மீட்டரில், கோல்கீப்பர் 20 மீட்டர் முன்னேறி நிற்கிறார் என்றால் நடுவில் 25 மீட்டர் வெற்று நிலம். ஸ்ட்ரைக்கர் ஓட்டத்தை முன்பே தொடங்கிவிட்டிருப்பார். தடுப்பாட்டக்காரர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவர், திரும்பி ஓட வேண்டும். நொடிக்கு 9 மீட்டர் ஓடும் ஒருவருக்கு அந்தத் திரும்பும் அரை நொடியிலேயே நாலரை மீட்டர் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு துரத்துவதெல்லாம் கோல் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கத்தான்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இதே கோடு என்ன செய்தது?

2024 அக்டோபர் 26. மாட்ரிட்டின் பெர்னபியூ மைதானம். எம்பாப்பே ரியல் மாட்ரிட்டுக்கு வந்த பிறகு முதல் எல் கிளாசிகோ. உலகின் வேகமான ஸ்ட்ரைக்கர்களில் ஒருவருக்கு எதிராக நடுக்கோடு வரை ஏறி நின்றது பார்சா. அந்தத் தடுப்பு வரிசையின் நடுவில் 17 வயதுப் பையன் பாவ் குபார்சி, அவருக்குப் பக்கத்தில் 33 வயது இனிகோ மார்ட்டினெஸ். ஆட்டத்துக்கு முன்பு இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று ரியல் மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடில் சிக்கியது. அதில் 8 எம்பாப்பே மட்டும். பந்து வலைக்குள் போனதும், அவர் கொண்டாடியதும், பிறகு ரத்தானதும் நடந்தது. பார்சா 4-0 என வென்றது. அந்த சீசனில் நான்கு முறை மோதி நான்கிலும் பார்சாவே ஜெயித்தது: 4-0, 5-2, 3-2, 4-3. லா லிகா பட்டமும் வந்தது, 38 ஆட்டங்களில் 102 கோல்களோடு.

அந்தக் கடைசி ஸ்கோரைக் கொஞ்சம் நின்று கவனிக்கணும். 2025 மே மாதம் நடந்த அந்த 4-3 ஆட்டத்தில் எம்பாப்பே ஹாட்ரிக் அடித்தார். ஆட்டம் தொடங்கி கால் மணி நேரத்துக்குள் மாட்ரிட் 2-0 என முன்னிலையில் இருந்தது. பார்சா வென்றதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதே மாதத் தொடக்கத்தில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலான் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 7 கோல் போட்டு, 7-6 என்ற கணக்கில் பார்சாவை வெளியேற்றியிருந்தது. (அந்தத் தோல்வியின் எல்லாப் பழியையும் கோட்டின் தலையில் கட்ட முடியாது. 93-வது நிமிடத்தில் அச்செர்பி அடித்த சமன் கோல், பக்கவாட்டிலிருந்து வந்த சாதாரண கிராஸ்.) ஆனால் எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது. அடிக்கும் கோல் வாங்கும் கோலைவிட அதிகமாக இருந்தவரை, கேட்கத்தான் ஆளில்லை.

கோட்டைக் காப்பவர் டிஃபெண்டர் இல்லை!

ஹை லைன் சரியாக வேலை செய்கிறதா என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் தடுப்பாட்டக்காரர் அல்ல. பந்தை வைத்திருக்கும் எதிரணி வீரருக்கு எதிரே நிற்பவர்.

இத்தாலியப் பயிற்சியாளர்கள் ‘மூடிய பந்து’, ‘திறந்த பந்து’ என்று பிரித்துப் பேசுவார்கள். பந்து வைத்திருப்பவர் தலை குனிந்திருக்கிறார், முதுகு காட்டி நிற்கிறார், யாரோ ஒருவர் மேலே விழுந்து நெருக்குகிறார் என்றால் பந்து மூடியிருக்கிறது. அவரால் நீளமாக, குறிபார்த்து அனுப்ப முடியாது. அப்போது கோடு தைரியமாக ஏறலாம். அதே ஆள் தலை நிமிர்ந்து, எதிரே யாரும் இல்லாமல், முன்னால் பார்த்து நின்றால் பந்து திறந்துவிட்டது. அந்த நொடியில் தடுப்பு வரிசை மொத்தமாகப் பின்னோக்கி ஓடத் தொடங்க வேண்டும். அங்கே நின்று ஆஃப்சைடுக்குக் கை தூக்குவது தற்கொலைக்குச் சமம்.

இதை ஒரு பாடமாகவே நடத்தியவர் அரிகோ சாக்கி. 1989, 1990 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வென்ற ஏ.சி. மிலானின் பயிற்சியாளர். தன் அணியின் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் முதல் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே சுமார் 25 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பார். பயிற்சியில் பந்தே இல்லாமல் ஆட வைப்பார். பந்து இப்போது இங்கே இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மொத்த அணியும் அதற்கேற்ப நகர வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். 1989 அரையிறுதியில் அதே ரியல் மாட்ரிட்டை 5-0 என்று தூக்கிப் போட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இனி பார்சாவின் 2025 அக்டோபர்-நவம்பர் நிலைக்கு வருவோம். எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை ஓயாமல் விரட்டும் ரஃபீன்யா செப்டம்பர் கடைசியில் காயம் அடைந்தார். அவர் இல்லாத வாரங்களில்தான் இந்த அடிகள் விழுந்தன. முன்வரிசையில் ஓர் ஆள் இரண்டு அடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், எதிரணி மிட்ஃபீல்டருக்குத் தலை நிமிர ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடியின் பில், ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் குபார்சியின் பெயரில் வருகிறது. டிவியில் தெரிவதும் அவர் தோற்றுப்போய் ஓடும் காட்சி மட்டுமே. ரசிகர்கள் திட்டுவதும் அவரைத்தான்.

இரண்டாவது இழப்பு இன்னும் பெரியது. ‘இப்போ ஏறு’, ‘இப்போ இறங்கு’ என்று அந்த வரிசைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த இனிகோ மார்ட்டினெஸ், ஆகஸ்டில் சவுதியின் அல் நாசருக்குப் போய்விட்டார். பெரிய நட்சத்திரம் இல்லை, வேகமும் இல்லை. போனபோது பெரிய தலைப்புச் செய்தியும் ஆகவில்லை. ஆனால் ஹை லைனில் வேகத்தைவிட ஒரே நேரத்தில் நகர்வது முக்கியம். நான்கு பேரில் மூன்று பேர் ஏறி, ஒருவர் அரை அடி பின்தங்கினால் போதும். எதிரணி மொத்தமும் ஆன்சைடு ஆகிவிடும். மூன்று பேர் செய்த சரியான வேலையை நான்காமவரின் ஒரு தயக்கம் அழித்துவிடும்.

மூன்றாவது, கோல்கீப்பர். ஹை லைன் ஆடும் அணிக்கு அவர் பாதி டிஃபெண்டர். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மானுவல் நோயர் பெட்டியை விட்டு வெளியே வந்து வந்து பந்தைத் துடைத்தெடுத்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த வேலைக்கும் சேர்த்துத்தான் கோடையில் எஸ்பான்யோலிலிருந்து ஜோன் கார்சியாவை பார்சா வாங்கியது. செப்டம்பரில் அவருக்கும் முழங்காலில் காயம். அவருக்குப் பதிலாக நின்றவர், அப்போது 35 வயதான ஷ்செஸ்னி. ஒருமுறை ஓய்வை அறிவித்துவிட்டு, பிறகு பார்சாவுக்காகத் திரும்பி வந்தவர். நல்ல கீப்பர்தான், அக்டோபர் கிளாசிகோவில் எம்பாப்பேவின் பெனால்ட்டியையே தடுத்தார். ஆனால் 30 மீட்டர் வெளியே ஓடி வந்து பந்தைத் துரத்தும் வேலையை அந்த வயதில் யாரிடமும் நம்பிக்கையோடு கொடுக்க முடியாது.

மாட்ரிட் கற்றுக்கொண்ட பாடம்

2024-ல் எம்பாப்பே சிக்கியதற்குக் காரணம் அவர் கோட்டின் விளிம்பிலேயே நின்று, நேராக முன்னால் பாய்ந்ததுதான். நேராக ஓடுபவரை மடக்குவது சுலபம். அவர் பாயும் நேரத்தில் வரிசை ஓரடி முன்னேறினால் போதும். வேகம் இங்கே உதவாது, உபத்திரவம்.

கோட்டை உடைக்கும் வழிகள் வேறு. பக்கவாட்டில் வளைந்து ஓடி, பாஸ் கிளம்பிய பிறகு உள்ளே திரும்புவது ஒன்று. ஸ்ட்ரைக்கர் கீழே இறங்கி ஒரு தடுப்பாட்டக்காரரைத் தன்னோடு இழுத்து வர, அந்த ஓட்டைக்குள் பின்னாலிருந்து மிட்ஃபீல்டர் ஒருவர் பாய்வது இன்னொன்று. பின்னாலிருந்து வருபவர் பாஸ் கிளம்பும்போது கோட்டுக்கு இப்பாலேயே இருப்பதால் ஆஃப்சைடு ஆவதில்லை. அதேசமயம் முழு வேகத்தில் வருகிறார். கோட்டுக்கு அப்பால் ஒருவர் சும்மா நின்றாலும், ஆட்டத்தில் தலையிடாதவரை அது குற்றமில்லை என்பதையும் அணிகள் இப்போது நன்றாகவே பயன்படுத்துகின்றன.

2025 அக்டோபர் கிளாசிகோவில் 12-வது நிமிடமே எம்பாப்பே ஒரு கோல் போட்டார், வி.ஏ.ஆர் பார்த்து ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்கள். பழைய கதைதான் என்று பார்சா ரசிகர்கள் பெருமூச்சு விட்ட பத்தே நிமிடத்தில், நடுவிலிருந்து ஜூட் பெல்லிங்ஹம் கோட்டைப் பிளந்து ஒரு பாஸ் கொடுத்தார். இந்த முறை எம்பாப்பே ஆன்சைடு. கோல். முதல் வருஷ விடைத்தாளை இரண்டாம் வருஷம் எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள்.

அப்போ பெட்டிக்குள்ள குவிஞ்சு நின்னா பாதுகாப்பா?

செல்சியின் 2011-12 சீசனைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடையாது. அந்த ஆண்டு போர்ட்டோவிலிருந்து வந்த இளம் பயிற்சியாளர் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் கோட்டை மேலே ஏற்றினார். ஜான் டெர்ரி போன்ற, பெட்டிக்குள் நின்று சண்டை போட்டே பழகிய தடுப்பாட்டக்காரர்களை நடுக்கோட்டுப் பக்கம் நிறுத்தினார். சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 3-5 தோல்வி. அதில் டெர்ரி சறுக்கி விழ, வான் பெர்சி தனியாக ஓடிப் போட்ட கோல் அந்த சீசனின் அடையாளப் படமாகவே ஆனது. மார்ச்சில் வில்லாஸ்-போவாஸ் வேலை போனது.

தற்காலிகமாக வந்த டி மட்டேயோ அதே ஆட்களைப் பின்னால் இழுத்தார். ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நோவில் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்து பேரோடு பெட்டிக்குள் குவிந்து நின்று 2-2. மெஸ்ஸி பெனால்ட்டியைக் கம்பத்தில் அடித்தார். மே 19-ல் மியூனிக்கில் பயர்னை அதன் சொந்த மைதானத்திலேயே பெனால்ட்டி ஷூட் அவுட்டில் வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக். ஒரே சீசன், ஒரே வீரர்கள்.

ஆக, கீழே நிற்பது கோழைத்தனமும் இல்லை, பழைய பஞ்சாங்கமும் இல்லை. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதி வரை வாங்கிய ஒரே கோல், தானே போட்டுக்கொண்ட கோல். ஸ்பெயினும் போர்ச்சுகலும் முட்டி முட்டிப் பார்த்தும் உள்ளே நுழைய முடியவில்லை.

ஆனால் அதே மொராக்கோவுக்கு அரையிறுதியில் என்ன ஆனது? ஐந்தாவது நிமிடத்திலேயே பிரான்ஸ் கோல் போட்டுவிட்டது. பெட்டிக்குள் குவிந்து நிற்பதன் பெரிய பலவீனம் இதுதான். 0-0 என்பது இருக்கும் வரை அது கோட்டை. ஒரு கோல் பின்தங்கினால் வெளியே வந்தே ஆகணும். மேலும், பந்தைப் பறித்தாலும் எதிரணி கோல் 80 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னால் கொடுக்க ஆளில்லை. தூக்கி அடித்தால் பந்து திரும்பி வருகிறது. பத்து நிமிடம் தாங்கலாம், தொண்ணூறு நிமிடம் முழுக்கத் தாங்க ஒரு விரல் தவறாத கவனமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேணும். கூட்டத்துக்குள் யார் காலில் பட்டு எங்கே திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

வருஷம் முழுக்க லீக்கில் பலவீனமான அணிகளையே சந்திக்கும் பார்சா மாதிரி ஓர் அணி கீழே இறங்கினால் இன்னொரு சிக்கலும் வரும். எதிரே இருப்பவர்களும் கீழேதான் நிற்பார்கள். யமால், பெட்ரி போன்றவர்களைத் தன் கோல் பக்கத்தில் நிறுத்தித் தடுப்பு வேலை வாங்குவது, நெல் அறுக்கத் தங்க அரிவாள் வாங்கின கதை.

எப்போ ஏறணும், எப்போ இறங்கணும்?

இதில் நம் ரசிகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. 2022 நவம்பர் 22, லுசெய்ல் மைதானம். 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினாவுக்கு எதிராக சவுதி அரேபியா. பெரிய அணிக்கு எதிராகச் சின்ன அணி பெட்டிக்குள் பதுங்கும் என்பதுதான் எழுதப்படாத விதி. பயிற்சியாளர் எர்வே ரெனார் நேர்மாறாகக் கோட்டை நடுக்கோடு பக்கம் ஏற்றினார். முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா 7 முறை ஆஃப்சைடு. மெஸ்ஸியின் ஒரு கோலும் லௌத்தாரோ மார்ட்டினெஸின் இரண்டு கோல்களும் ரத்து. அதில் லௌத்தாரோவின் முதல் கோலை ரத்து செய்தது மயிரிழை வித்தியாசம். புதிதாக வந்த அரை தானியங்கித் தொழில்நுட்பம் இல்லையென்றால் கதை மாறியிருக்கலாம்.

இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் அல் ஷெஹ்ரியும் அல் தவ்சாரியும் இரண்டு கோல் போட்டார்கள். 2-1. அதற்குப் பிறகு சவுதி என்ன செய்தது என்பதை ஹைலைட்ஸ் பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். படிப்படியாகப் பின்வாங்கி, மீதி நேரத்தைப் பெட்டியைச் சுற்றி நின்று காத்தது. அதாவது ஒரே ஆட்டத்தில் இரண்டு விதமான கோடும். எது சரி என்பதைக் கடிகாரமும் ஸ்கோர் போர்டும் சொன்னன.

இதற்கு நேர் எதிர்த் துருவம், 2023 நவம்பர் 6-ல் டாட்டன்ஹம். செல்சிக்கு எதிராக இரண்டு பேர் சிவப்பு அட்டையில் வெளியேற, ஒன்பது பேரோடும் நடுக்கோட்டில் வரிசையாக நின்றது ஆஞ்சே போஸ்டகோக்லுவின் அணி. 75-வது நிமிடம் வரை 1-1 என்று தாக்குப்பிடித்தது என்பதே அதிசயம். கடைசியில் நிக்கோலஸ் ஜாக்சன் ஹாட்ரிக், 1-4. இதுதான் நாங்கள் என்று போஸ்டகோக்லு பிறகு பெருமையாகவே பேசினார். ரசிகர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். பந்தை வைத்திருப்பவரை நெருக்க ஆள் போதாத ஒன்பது பேர் அணிக்கு ‘மூடிய பந்து’ என்ற ஒன்றே கிடையாது. அப்போதும் கோட்டை ஏற்றி நிற்பது கொள்கைப் பிடிப்பு என்பதைவிடப் பிடிவாதம். அதே போஸ்டகோக்லு 2025 மே மாதம் யூரோப்பா லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 1-0 முன்னிலை எடுத்ததும் அணியைப் பெட்டிக்குள் இழுத்துக் கோப்பையை வாங்கினார். பதினாறு நாள் கழித்து வேலையும் போனது, அது வேறு கதை. லீக்கில் 17-வது இடம்.

ஃபிளிக்கைப் பற்றிய விமர்சனத்தில் நியாயமான பகுதி இதுதான். கோடு மேலே இருப்பது தவறில்லை. ரஃபீன்யா இல்லாத நாளிலும், 2-1 என்று முன்னிலையில் இருக்கும் 85-வது நிமிடத்திலும், நெருக்கடி குறைந்து பந்து திறந்திருக்கும் நேரத்திலும் அதே இடத்தில் இருப்பதுதான் கேள்வி. ஃபிளிக் தன் பாணியை மாற்றும் பேச்சுக்கே இடம் கொடுப்பதாகத் தெரியவில்லை. 2020-ல் பயர்னோடு இதே மாதிரி ஏறி ஆடி, இதே பார்சாவை 8-2 என்று நொறுக்கி, சாம்பியன்ஸ் லீக்கையே வென்றவர் என்பதால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. ஆனால் அந்த பயர்னின் முன்வரிசை ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் விரட்டியது.

விதியே மாறினால்?

1925 வரை ஆஃப்சைடு விதியில் இரண்டு பேர் அல்ல, மூன்று எதிரணி வீரர்கள் கணக்கு. நியூகாசிலின் பில் மெக்ராக்கன் போன்ற தடுப்பாட்டக்காரர்கள் ஓரடி முன்னேறியே எதிரணியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நின்று நின்று போக, பார்வையாளர்கள் சலித்துப்போனார்கள். விதியை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரே சீசனில் கோல்கள் 1,192-லிருந்து 1,703-க்கு எகிறின. அதற்குப் பதிலாக அணிகள் செய்தது என்ன? நடுவில் ஆடிய ஒருவரைப் பின்னால் இழுத்து மூன்றாவது தடுப்பாட்டக்காரர் ஆக்கின.

இப்போது ஃபிஃபாவில் இருக்கும் ஆர்சென் வெங்கர் இன்னொரு மாற்றத்தை முன்வைத்து வருகிறார். கோல் அடிக்கக்கூடிய உடல் பாகம் ஒன்றாவது தடுப்பாட்டக்காரருக்குச் சமமாக இருந்தால் ஆன்சைடு என்பது அவர் யோசனை. அதாவது மொத்த உடம்பும் தாண்டி, நடுவே வெளிச்சம் தெரிந்தால்தான் ஆஃப்சைடு. மயிரிழை ஆஃப்சைடுகள் அப்போது பெரும்பாலும் கோல்களாகிவிடும். நோக்கம் அதிக கோல். ஆனால் ஓரடி லாபம் ஸ்ட்ரைக்கருக்குப் போய்விட்டால், நடுக்கோட்டில் நிற்கத் துணியும் அணி எத்தனை இருக்கும்? எல்லோரும் பெட்டிக்குள் இறங்கிவிட்டால் கோல் கூடுமா, குறையுமா? 1925-ல் விடை கிடைக்க ஒரு சீசன் போதுமானதாக இருந்தது.

2025 நவம்பரில் பார்சாவுக்கு அவ்வளவு அவகாசம் இருக்கவில்லை. அந்த ஞாயிறே வீகோ நகரில் செல்டாவுடன் ஆட்டம் இருந்தது. நவம்பர் 25-ல் லண்டனில் செல்சி. இனி பார்சா ஆட்டத்தைப் பார்க்க உட்காருபவர்கள் குபார்சியை விட்டுவிட்டு, எதிரணியில் பந்து வைத்திருக்கும் ஆளின் தலையைக் கவனிக்கலாம். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார் என்றால், கோடு அப்போதே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.